கட்டைவிரலால் மூடிய ஓட்டை

மகன்,

இந்தக் கடிதத்தைக் கதிரையில் சாய்ந்திருந்து வாசிக்காதே. கராஜுக்குப் போ. உன்னுடைய ஸ்குரூட்ரைவர்களில் பெரியதை, மஞ்சள் பிடி போட்டதை, எடுத்துக்கொள். காருக்குப் பக்கத்தில் நின்று வாசி. உனக்குத் தமிழ் எழுத்துக்கூட்டித்தான் வரும் என்பது எனக்குத் தெரியும். ஆறு வருடம் சனிக்கிழமை தவறாமல் உன்னைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்கு இழுத்துக்கொண்டு போனவன் நான். அதனால்தான் தமிழில் எழுதுகிறேன். டெனிஷில் எழுதினால் ரயிலில் போகிற போக்கில் ஒரு கண்ணால் பார்த்துவிட்டு, போனில் கட்டைவிரல் படம் ஒன்றைத் தட்டி அனுப்பிவிட்டு இருந்துவிடுவாய். இது ஒவ்வொரு எழுத்தாக உனக்குள் இறங்க வேண்டும். சோபிக்கு இதில் ஓர் எழுத்தும் விளங்காது. கட்டப்போகிறவளுக்கு நீயேதான் டெனிஷில் சொல்ல வேண்டியிருக்கும், உன் அப்பன் என்ன செய்தான் என்பதை, உன் வாயாலேயே. அதையும் யோசித்துத்தான் எழுதுகிறேன்.

ஒரு பிரதியை இங்கே ஒடென்சேயில் நம் மன்றத்து ஆண்டு மலருக்குக் கொடுக்கப் போகிறேன். உனக்கு வெட்கமாக இருக்கும். இருக்கட்டும். எனக்கு உன்னைவிட அதிகமாக இருக்கும். ஏன் கொடுக்கிறேன் என்பது வாசித்துக்கொண்டு போக விளங்கும்.

ஓகஸ்டில் உனக்குக் கல்யாணம். கொம்யூன் அலுவலகத்தில் பதிவுக் கையெழுத்து வைத்துவிட்டு, நீயே திருத்திய அமெரிக்க மசில் காரில், சோபியைப் பக்கத்தில் இருத்திக்கொண்டு, எட்டு சிலிண்டரும் உறும மண்டபத்து வாசலில் வந்து இறங்கப் போகிறேன் என்று நீ சொன்னபோது உன் அம்மா பூரித்துப் போனாள். நான் உன் கைகளைப் பார்த்தேன். முப்பத்தொரு வயதில் ஒரு கீறல் இல்லாத கைகள். பெட்டியில் வந்த புத்தக அலுமாரியைப் பொருத்திப் பூட்டத் தெரியாமல் என்னை ஒடென்சேயிலிருந்து நீ இருக்கிற புரொண்பிக்கு ரயிலேற வைத்த கைகள். மூன்று மாதம் வீடியோ பார்த்ததும் அந்தக் கைகளுக்குக் கார் திருத்தும் விசர் பிடித்துவிட்டது. உன் அம்மாவுக்கு முன்னால் சிரிக்கக் கூடாது என்று வாயை மூடிக்கொண்டு இருந்தேன்.

பழைய கார் திருத்தப் புறப்படுகிற பெடியள் எல்லோரும் ஒரே இடத்தில்தான் விழுகிறார்கள். பொனற்றைத் திறக்கிறார்கள், எஞ்சினைக் காண்கிறார்கள், தலைகால் தெரியாமல் போகிறார்கள். எஞ்சின் என்ன பெரிய எஞ்சின்! அது பெட்டியில் வரும். கியர்பொக்ஸ் பெட்டியில் வரும். அந்தக் கார்களுக்கு ஆணி தொடக்கம் கண்ணாடி வரைக்கும் அமெரிக்காவில் இன்றைக்கும் புதிதாகச் செய்து விற்கிறார்கள். அடித்தகடுகூடப் பெட்டியில் வரும், ஆனால் உக்கினதை வெட்டி எறிந்துவிட்டு அதை நேராக வைத்து ஒட்டத் தெரிந்த கை பெட்டியில் வராது. அதனால் புதிதாகத் தொடங்குகிறவன் அடியைப் பார்த்துத்தான் வாங்க வேண்டும். நிறம் கேவலமாக இருக்கலாம், சீற் கிழிந்திருக்கலாம், எஞ்சின் இழுக்காமல் கிடக்கலாம். அடி உலர்ந்து கிடக்க வேண்டும். கழற்றிப் பெட்டி பெட்டியாகப் போட்டிருக்கிற காரை எடுக்கக் கூடாது. காணாமல் போன ஒரு சாமானைத் தேடியே கிழவனாகிவிடுவாய். ஒருவரிடமும் இல்லாத மாதிரியை எடுக்கக் கூடாது. சந்தேகம் வந்தால் கேட்பதற்கு ஆள் இராது. மழை பெய்த அன்றைக்குப் பார்க்கப் போகக் கூடாது, நனைந்தால் எந்தப் பெயின்றும் மினுங்கும். இவ்வளவையும் உனக்குச் சொல்ல எனக்கு எத்தனையோ சனி ஞாயிறு இருந்தது. நீ கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

இல்லை, ஒரு தடவை சொன்னேன். இங்கே ஒடென்சேக்குக் கிட்ட, நியூபோர்க்கில் பார்த்த அந்த முதல் கார் ஞாபகம் இருக்கிறதா? நீ ஆசைப்பட்ட அதே மாதிரிதான், ஆறு சிலிண்டர். புருஷன் செத்துப்போன ஒரு மனுசி வைத்திருந்தாள். பிஸ்கற் பேணி நிறைய, அந்த மனிதன் வருடாவருடம் திருத்தின ரசீதுகள். அடியில் படுத்து விரல் மொளியால் தட்டிப் பார்த்தேன். ஒவ்வொரு தட்டுக்கும் கணீரென்று பதில் வந்தது. வெளியே வந்து, இது நல்ல கார், இதை எடு மகன் என்றேன். என் வாயில் 'நல்ல' என்ற சொல் வருவது எவ்வளவு அருமை என்று உனக்குத் தெரிய வேண்டாமா? நீ சிரித்தாய். சாணி நிறம் என்றாய். திரும்பி வருகிற வழியில் சோபிக்குப் போன் எடுத்து, அப்பா என்னைக் கல்யாணத்துக்குச் சாணியில் ஏற்றி அனுப்பப் பார்க்கிறார் என்று டெனிஷில் சொன்னாய். அவளும் சிரித்தது எனக்குக் கேட்டது. ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன்.

அடுத்த சனிக்கிழமை பாலம் தாண்டி யூலன்டுக்குப் போனோம். விடிய மழை பெய்து விட்டிருந்தது. அந்தத் தோட்ட முற்றத்தில் செம்மஞ்சள் நிறத்தில், கறுப்புக் கோடு போட்டு, ஈரத்தில் பளபளவென்று நின்றது உன்னுடைய கார். மரச்செருப்புப் போட்ட ஒரு நெட்டை மனிதன் கோப்பி ஊற்றித் தந்தான். வறண்ட நாட்டுக் கார், உப்பையே கண்டதில்லை என்றான். எத்தனை குளிர்காலம் இங்கே தார்ப்பாயின் கீழே நனைந்து கிடந்தது என்று நீ கேட்கவில்லை. அவன் என்னைப் பார்த்துவிட்டு உன்னிடம், உங்கள் அப்பாவுக்குக் கார்களைப் பற்றித் தெரியுமா என்று கேட்டான். நீ டெனிஷில் சொன்னாய், நான் இரண்டு எட்டுத் தள்ளி நிற்க: "சும்மா கூட வந்தவர். அவருக்கு ஒன்றும் தெரியாது, முந்தி பஸ் கழுவினவர்."

நான் பஸ் கழுவியது பதினொரு மாதம். அதற்குப் பிறகு இருபத்திரண்டு வருடம் அதே டிப்போவில் பஸ்களுக்கு அடியில் மல்லாந்து கிடந்தவன் நான். குளிர்காலத்தில் றோட்டில் கொட்டுகிற உப்புத் தின்ற தகட்டை வெட்டி எடுத்துவிட்டு, புதுத் தகடு வைத்து வெல்ட் பண்ணுவது என் வேலை. துரு, நாங்கள் சொல்கிற கறள், எந்த மூலையில் குடியிருக்கும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். மூன்றாம் வகுப்பில் நீ 'என் அப்பா பஸ் கழுவுகிறார்' என்று கட்டுரை எழுதினாய். அப்போதே நான் வெல்டர். திருத்தவில்லை. வேலையை வீட்டுக்குக் கொண்டு வந்து கதைப்பது எனக்குப் பிடிக்காது; குளித்துவிட்டுச் சாப்பிட்டுவிட்டு ரி.வி.க்கு முன்னால் இருந்துவிடுவேன். ஆகவே பிழை என்னுடையது. பிழை என்னுடையது என்று தெரிந்தால் கோபம் வராமல் இருந்துவிடுமா? அந்த முற்றத்தில் எனக்கு வந்த கோபம் உன்மேல்தான் வந்தது.

கோப்பிக் கோப்பையை வைத்துவிட்டு, ஒரு மட்டையை விரித்துக் காருக்கு அடியில் போனேன். அடி முழுக்கப் புதுத் தார் பூசியிருந்தது. பழைய காரில் புதுத் தாரைக் கண்டால் அங்கேதான் குத்திப் பார்க்க வேண்டும். பக்கத்துச் சீற்றின் ஆணி இறங்குகிற இடத்துக்கும் சட்டத்துக்கும் நடுவில் ஸ்குரூட்ரைவரை வைத்து அமத்தினேன். கேக்குக்குள் போவதுபோலப் பிடிவரைக்கும் போனது. கறள் பொடி கண்ணுக்குள் கொட்டியது. வெளியே உன் சப்பாத்துத் தெரிந்தது, அவனுடைய மரச்செருப்புத் தெரிந்தது. அவன் ஏதோ பகிடி விட நீ சிரித்தாய். நான் ஸ்குரூட்ரைவரை வெளியே இழுத்தேன். காயாத தாரைக் கட்டைவிரலால் வழித்து அந்த ஓட்டையை மூடினேன். மூடிய அடையாளம் தெரியாமல் இரண்டு தரம் தடவிவிட்டேன். பிறகு கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

அப்போது நீ ஒரு காரியம் செய்தாய். விற்கிறவனுக்கு விளங்கக் கூடாது என்று, எத்தனையோ வருடமாக என்னோடு கதைக்காத தமிழில், என் காதுக்குக் கிட்ட வந்து கேட்டாய்.

"அப்பா, கீழ எப்பிடி?"

"பரவாயில்லை" என்றேன்.

உன் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். நீ திரும்பிப் போய் அவனுடைய கையைக் குலுக்கினாய்.

அந்தச் சொல்லை உனக்கு விளங்கப்படுத்த வேண்டும், தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் அதைச் சொல்லித் தந்திருக்க மாட்டார்கள். பரவாயில்லை என்றால் மோசமில்லை என்று அர்த்தம். பரவாயில்லை என்றால் போனால் போகட்டும், எனக்கென்ன என்றும் அர்த்தம். நான் சொன்னது இரண்டாவது. உன் காதில் விழுந்ததோ இரண்டுமில்லை. கணக்குச் சோதனையில் உச்சப் புள்ளி, பன்னிரண்டு, எடுத்துக்கொண்டு ஓடி வந்தாய், பரவாயில்லை என்றேன். கோப்பன்ஹேகனில் வேலை கிடைத்துவிட்டது என்று படியில் நின்றே கத்தினாய், பரவாயில்லை என்றேன். சோபியை முதன்முதலாகக் கூட்டிக்கொண்டு வந்தாய். அவள் வாசலில் சப்பாத்தைக் கழற்றிவிட்டு அம்மாவின் கையைப் பிடித்துத் தமிழில் வணக்கம் சொன்னாள். பிறகு நீ குசினிக்குள் வந்து என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாய். பரவாயில்லை என்றேன், நீ அம்மாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டாய். பிள்ளையைப் புகழ்ந்தால் கண்ணூறு படும் என்பது நான் சொல்லி வந்த சாட்டு. உண்மை என்னவென்றால் எனக்கு வாய் வரவில்லை. ஆகவே உன்னுடைய தமிழில் அதைவிடப் பெரிய புகழ்ச்சி கிடையாது. அது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துகொண்டுதான் அந்த முற்றத்தில் அதை எடுத்து வீசினேன். பின்னொரு நாள் நீ என்னைப் பொய்யன் என்று சொல்ல முடியாது பார், அதற்காகவும்தான்.

உனக்கு ஏழு வயதாக இருக்கும்போது முதல் கார் வாங்கினோம், சிவப்பு. ராகுகாலம் தொடங்குவதற்குள் எடுத்துவிட வேண்டும் என்ற பறப்பில் நான் குனிந்தும் பார்க்கவில்லை. நிறத்தைப் பார்த்தேன், எடுத்தேன். அந்த மார்கழியில் உன்னைப் பள்ளிக்கூடத்து வாசலில் இறக்கியபோது உன் பை சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. தண்ணீர்ப் போத்தலைச் சரியாக மூடவில்லை என்று ஏசினேன். "கீழயிருந்து வருது அப்பா" என்றாய். பொய்யும் சொல்கிறாயா என்று கன்னத்தைப் பொத்தி அறைந்தேன், உன் வகுப்புப் பிள்ளைகள் பார்த்துக்கொண்டு நிற்க. ஒரு ரீச்சர் கண்டிருந்தால் அன்றைக்கே கொம்யூன்காரர் வீட்டுக்கு வந்திருப்பார்கள். பிறகு தையில் ஒரு நாள் காலடி விரிப்பைத் தூக்கினேன். ஓட்டைக்குள்ளால் றோட்டுத் தெரிந்தது. பிள்ளையிட்டச் சொல்லுங்கோ என்று உன் அம்மா எத்தனை தரம் சொன்னாள். பரவாயில்லை, அவன் மறந்துவிடுவான் என்றேன். நீ மறக்கவில்லை. அதற்குப் பிறகு அந்தக் காரில் காலைத் தூக்கிச் சீற்றில் வைத்துக்கொண்டுதான் இருந்தாய். அதற்கும் உனக்கு ஏச்சு விழுந்தது. அந்த ஓட்டையை மூடப் பழகத்தான் டிப்போவில் வெல்டிங் வகுப்புக்குப் பெயர் கொடுத்தேன். நான் பழகி முடிய முன்னமே அந்தக் காரைப் பழைய இரும்புக்குக் கொடுத்துவிட்டோம்.

இப்போது இந்தக் காருக்கு வருகிறேன். அதை லொறியில் ஏற்றி புரொண்பியில் இறக்கிய கிழமை உன் அம்மா சக்கரங்களுக்குக் கீழே வைத்து நசுக்க நாலு தேசிக்காயும் சந்தனமும் கொண்டு வந்தாள். எஞ்சின் இழுக்கவில்லை, தள்ளித்தான் தேசிக்காயில் ஏற்ற வேண்டும் என்றாய். மருமகள் உள்ளே இருக்கட்டும் என்று அம்மா சோபியைப் பக்கத்துச் சீற்றில் இருத்தினாள். நீ ஸ்ரியரிங்கைப் பிடித்தாய். நான் சோபியின் பக்கம் நின்று தள்ளினேன். என் கைக்குக் கீழே கதவடித் தகடு நெளிந்து கொடுத்தது. தேசிக்காய் நசுங்கியதும் எல்லோரும் கை தட்டினார்கள். பக்கத்து வீட்டுக்காரன் வெளியே வந்து கேட்க, அம்மா தன் டெனிஷில் பெருமையாகச் சொன்னாள், தன் மனுசன் அடியில் படுத்துப் பார்த்து எடுத்துக் கொடுத்த கார் என்று. நான் ஓம் என்று தலையாட்டினேன். அன்றைக்கும் வாய் திறக்கவில்லை.

நான் எதற்காகக் காத்துக்கொண்டிருந்தேன் தெரியுமா? நீ அதை வாகனப் பரிசோதனைக்குக் கொண்டு போவாய். அங்கே ஒருவன் ஒரே குத்தில் ஓட்டையைக் காட்டுவான். நீ மூக்குடைபட்டு, அந்தத் தாளைக் கையில் பிடித்துக்கொண்டு என் வீட்டுக்கு வருவாய். பஸ் கழுவினவர் என்று சொன்ன வாய் அன்றைக்கு என்ன சொல்லும் என்று கேட்க ஆசையாக இருந்தது. அதை எண்ணி எண்ணித் தனியே சிரித்திருக்கிறேன். பெற்ற பிள்ளைமேல் ஒரு மனிதனுக்கு இப்படியும் ஆசை வரும். உனக்குப் பிள்ளை பிறக்கும்போது இதை ஞாபகம் வைத்துக்கொள்.

போன ஞாயிற்றுக்கிழமை ஒடென்சே மண்டபத்தில் பாலா அண்ணையின் பேத்திக்குப் பிறந்தநாள். அவர் என்னோடு டிப்போவில் ஒன்றாக வேலை செய்தவர். ஆம்பிளைகள் மேசையில் எல்லோரும் கேட்க, இந்தக் கதையை நடித்தே காட்டினேன். நீ சொன்னதைச் சொன்னேன், உன்னுடைய குரலில். ஸ்குரூட்ரைவர் போனதைச் சொன்னேன். கேக் துண்டின் ஐசிங்கில் கட்டைவிரலை வைத்து வழித்து, இப்படித்தான் மூடினேன் என்று காட்டினேன். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்கள். உன்னைத் தூக்கி வளர்த்தவர்களும் அதில் இருந்தார்கள். பாலா அண்ணை மட்டும் சிரிக்கவில்லை. தட்டைத் தள்ளி வைத்துவிட்டுக் கேட்டார்.

"அந்தப் பக்கத்துச் சீற்றில ஆர் இருக்கிறது?"

அன்று காலையில் நீ எனக்கு ஒரு வீடியோ அனுப்பியிருந்தாய். எஞ்சின் இழுத்துவிட்டது, கராஜ் முற்றத்தைச் சுற்றிச் சுற்றி ஓட்டுகிறாய், பக்கத்துச் சீற்றில் சோபி கையை வெளியே விட்டு ஆட்டிக்கொண்டு போகிறாள். மேசையில் எல்லோருக்கும் காட்டிச் சிரிப்பதற்காக அதைத் திறந்து வைத்திருந்தேன். போனைக் கவிழ்த்து வைத்தேன். எனக்கு அந்த மண்டபத்தில் நிற்க முடியாமல் போய்விட்டது.

சிரித்த இடத்திலேயே இது வாசிக்கப்பட வேண்டும் என்பதற்காகத்தான் மலருக்குக் கொடுக்கிறேன். உன்னைப் பார்த்துவிட்டு, மண்டபத்துக்கு வருகிற இன்னும் இரண்டு பெடியளுக்கு இந்த விசர் பிடித்திருக்கிறது. அவர்களும் அடியைப் பார்க்கப் பழகட்டும். வீட்டுக்கு வந்ததும் உனக்குப் போன் எடுத்தேன். மீற்றிங் என்றாய். அடுத்த நாள் எடுத்தேன். என்ன அப்பா என்றாய். அங்கே மழையா என்று கேட்டேன். காரை வெளியே எடுக்காதே, நனையும் என்றேன். நீ சிரித்துவிட்டு வைத்தாய். வாயால் ஆகாது என்று அப்போதுதான் தெரிந்தது.

இப்போது குனி. சோபியின் சீற்றுக்குக் கீழே, கதவுப் பக்கத்துப் பின் ஆணி. விரிப்பைக் கிழித்து எறி. ஆணியிலிருந்து நாலு விரல் தள்ளி ஸ்குரூட்ரைவரை வைத்து அமத்து. போகும். இன்னும் அமத்து, சட்டத்துக்குள்ளும் போகும். நீ பெருந்தெருவில் ஒருமுறை சடாரென்று பிரேக் அடித்திருந்தால் அந்தச் சீற் ஆணியோடு பிடுங்கிக்கொண்டு போயிருக்கும், அவளோடு. நான் மூடிய ஓட்டைக்கு மேலேதான் அவள் இருந்து கை காட்டினாள். என் கட்டைவிரல் அடையாளம் அந்தத் தாரில் இப்போதும் இருக்கும், வேண்டுமென்றால் கீழே போய்ப் பார்.

ஓகஸ்டில் நீங்கள் அந்தக் காரில் வரப் போவதில்லை. சரியாகச் செய்ய இரண்டு குளிர்காலம் வேண்டும். நியூபோர்க் மனுசிக்குப் போன் எடுத்து, அந்தச் சாணிக் கார் நிற்கிறதா என்று கேட்டேன். வித்துவிட்டாளாம். வயிலே என்ற ஊரிலிருந்து ஒரு பெடியன் தாயோடு வந்து, மண்ணில் படுத்துத் தட்டிப் பார்த்துவிட்டு எடுத்துக்கொண்டு போனானாம். நல்ல பெடியன் என்றாள்.

சனிக்கிழமை முதல் ரயிலில் வருகிறேன். வெல்டிங் பெட்டியைப் பாலா அண்ணை தன் வானில் ஏற்றிக்கொண்டு வருவார். கதவைத் திறப்பதும் திறக்காததும் உன்னுடைய விருப்பம். திறக்காவிட்டால் திறக்கும்வரை வெளியே நிற்பேன். ஏசு. டெனிஷில் ஏசு, எனக்கு எல்லாம் விளங்கும், அந்த முற்றத்திலும் விளங்கியது. சோபி என்னைக் கல்யாணத்துக்கு வர வேண்டாம் என்று சொன்னால் அதையும் கேட்டுக்கொண்டு நிற்பேன். ஏழு வயதில் வாங்கிய அறையைத் திருப்பித் தர உனக்குக் கை வந்தால் அதையும் தா. ஆனால் உனக்கு என்னுடைய குணம் இருக்கிறது, அதுதான் எனக்குப் பயம். வாய் வராத நேரத்தில் கைக்குக் கிடைக்கிற சொல்லால் வழித்து மூடிவிடுவாய். கதவைத் திறந்து, என் நரைத்த தலையைப் பார்த்து இரங்கி, "பரவாயில்லை அப்பா" என்று மட்டும் சொல்லிவிடாதே.

அப்பா